நாலாவது பிளக்

காலை மட்டும் சித்த அக்கட்டால நகத்தி வெச்சுக்கோங்க. ஒண்ணுமில்லீங்க, பைப்பு தான். போர்வைல சுத்தி இருக்கறதால கண்டக்டரு என்னமோ ஆட்டுக்குட்டியத் தூக்கியாந்த மாதிரி பாத்துப்போட்டுப் போறாரு. டிக்கில போடுங்கன்னாரு. டிக்கில போட்டா மேல மூட்டைய அடுக்குவாங்க. ஒரு பைப்பு அரை நூல் நகந்தாலும் அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத் தான் போடோணும். பல்லடம் வரைக்கும் மடில தான் வெச்சிருந்தேன். தொடை மரத்துப் போச்சு, அதான் கீழ எறக்கிட்டேன்.

நீங்க எது வரைக்குங்க? திண்டுக்கல்லா, நல்லதாப் போச்சு. நாகல் நகர் தெரியுமுங்களா? நான் அங்க தான் போறேன். சவேரின்னு ஒருத்தன். அவன்ற சம்சாரத்தோட ஊரு அது. மூணு மாசம் ஆச்சுங்க நாங்க பேசி. பதினெட்டு வருஷம் தெனமும் பேசுனவங்க, மூணு மாசமா ஒரு போன் இல்ல. இன்னைக்கு நானே போறேன். வெக்கங்கெட்டுப் போறேன்னு வெச்சுக்கோங்களே.

இது கார் எஞ்சினுக்குப் போடற ஹெட்டருங்க. புகை வெளிய போற வழி. நாலு சிலிண்டர்ல இருந்து நாலு பைப்பு கெளம்பும், கீழ போயி ஒண்ணாச் சேரும். காரோட வர்றது வார்ப்பிரும்பு, குட்டையா இருக்கும், புகை ஒண்ண ஒண்ணு முட்டிட்டுத் தான் வெளிய வரும். ஊருக்குள்ள ஓட்டறதுக்கு அது போதும். ரேஸ் காருக்கு ஆகாது. ரேஸ் காருக்கு நாலு பைப்பும் ஒரே நீளம் இருக்கோணும். எடமோ கையகலம் தான். ஒண்ணு நேராப் போகும், ஒண்ணு சுத்தி வளைச்சுட்டுப் போகும், நீளம் மட்டும் மாறக்கூடாது. நான் எப்படிப் பாப்பேன்னா, ஒவ்வொரு பைப்புலயும் கம்பு தானியத்தைக் கொட்டி நெரப்பி, அதை ஒரே சொம்புல அளப்பேன். நாலும் ஒரே கோட்டுல நிக்கோணும். வீட்டுல கம்பு டப்பாவக் காணம்னா என்ற சம்சாரம் வேற எங்கயும் தேட மாட்டா, நேரா பட்டறைக்கு வந்துருவா.

என்ற பேரு செங்கோடன். கணபதில பட்டறை. கோயமுத்தூர்ல ரேஸ் காருக்குப் பைப்பு பண்றவன் ஒரு நாலஞ்சு பேரு இருப்பான், அதுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. என்ற வெல்டிங் மீன் செதில் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத் தான் சொல்றேன், இப்ப என்ன.

சவேரி எஞ்சின்காரன். போத்தனூர்ல ஷெட்டு வெச்சிருந்தான். எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டறதுல அவன மாதிரி கை கோயமுத்தூர் முச்சூடும் கெடையாது. அவன் எஞ்சின் பண்ணுவான், நான் பைப்பு பண்ணுவேன். எங்களுக்குள்ள ஒரு முறை இருந்துச்சு. அவன்ற எஞ்சின்ல நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன். என்ற பைப்புல அவன் இரும்பு வெட்டற கிரைண்டர் வைக்க மாட்டான். எழுதி வெச்சுக்கிட்டதில்ல. அப்படியே வந்துருச்சு.

இன்னொண்ணும் இருந்துச்சுங்க. அது தான் முக்கியம். நான் பைப்பை மொதல்ல அங்கங்க புள்ளி வெச்சு ஒட்டி நிறுத்துவேன். முழுசா வெல்டிங் அடிக்க மாட்டேன். சவேரி வருவான். பைப்புக்கு நடுவுல கைய விட்டு சிலிண்டருக்கு நெருப்புப் பொறி குடுக்கற நாலு பிளக்கையும் அவனே கழட்டி அவனே மாட்டுவான். ரேஸ் எடத்துல பிளக் மாத்தறது அவன் தானுங்களே, அவன் கை போகோணுமில்ல. இடிச்சா, சாக்பீஸ்ல அந்த எடத்துல ஒரு கோடு போடுவான். நான் வெட்டித் தள்ளி வெப்பேன். இடிக்கலீன்னா "உம்"ம்பான். அந்த உம் வந்தப்புறம் தான் முழு வெல்டிங். பதினெட்டு வருஷத்துல ஒரு பைப்பு கூட அந்த உம் இல்லாம நான் முடிச்சதில்ல.

போன தை மாசம் ப்ரணவ் தம்பி வந்தாரு. பம்பு வார்ப்படக் கம்பெனி வெச்சிருக்கறவங்க வீட்டுப் பையன், தங்கமான குணம். பழைய கான்டெஸா கார் ஒண்ணு, அதுக்குள்ள வேற எஞ்சின் மாத்திப் போட்டு, நேர் ரேஸ்ல ஓட்டோணும்னாரு. நேர் ரேஸ் தெரியுமுங்களா? வளைவு கெடையாது. ரெண்டு காரு பக்கத்துல பக்கத்துல நிக்கும், பச்சை லைட்டு விழுந்தா நானூறு மீட்டர், பன்னெண்டு பதிமூணு செகண்டுல கதை முடிஞ்சுது. ஓசூருக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்துல பங்குனிக் கடைசில போட்டி. சவேரி எஞ்சினை ஒத்துக்கிட்டான். ஒத்துக்கும்போதே ஒரு மாதிரி சொன்னான், இந்த ஒரு சீசன் தான் செங்கோடா, இதுல ஜெயிச்சுப்போட்டாப் போதும்னு. எனக்குப் பொக்குன்னு ஆயிப்போச்சு. பெங்களூர்ல ஒரு பெரிய ஷெட்டுக்காரன் ரெண்டு வருஷமா இவனைக் கூப்பிட்டுட்டே இருந்தானுங்க. சரி, நம்மள விட்டுப்போட்டு அங்க போறதுக்குத் துணிஞ்சுட்டான்னு நெனச்சேன். கேக்கலாமில்ல, கேக்கல. அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். வீம்பு.

அப்படி நெனச்சுப்போட்டுப் பாத்தா அவன் பண்ற ஒவ்வொண்ணும் எனக்கு அலும்பாத் தான் தெரிஞ்சுது. இருவது வருஷமா பொத்தான் வெச்ச காக்கிச் சட்டை போட்டவன், தீபாவளிக்கப்புறம் பாத்தா தலை வழியா மாட்டற பனியன் சட்டை. காலேஜ் பையனாட்டம். என்னடா வேஷம்னா, காத்தோட்டமா இருக்குதுன்னான். பேக்கரிக்குப் போனா டீ கிளாஸை ரெண்டு கைலயும் பொத்திப் புடிச்சுத் தான் குடிப்பான். குளிருதான்னு கேட்டேன். ஆமான்னான். மாசி மாசங்க, மத்தியானம்.

அப்புறம், எஞ்சின் பூட்டறப்போ போல்ட்டை அவன் முடுக்க மாட்டான். காரோட மொதலாளி, ப்ரணவ் தம்பி, அவரு கைல ஸ்பேனரைக் குடுத்துப்போட்டு இவன் பின்னால நின்னுட்டு, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம், போதும்னு சொல்லிட்டிருப்பான். உங்க காரு, நீங்களே கத்துக்கோங்கம்பான். அந்தத் தம்பி சந்தோஷமாச் செஞ்சுச்சு. எனக்குத் தான் எரிஞ்சுது. பெரிய ஷெட்டுக்குப் போற ஆளு, இப்பவே கைல அழுக்குப் படாம வேலை வாங்கிப் பழகறான்னு என்ற சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். அவ கூடக் கேட்டா, ஒடம்பு கிடம்பு செரியில்லையோ என்னமோன்னு. ஒடம்புக்கு என்ன, உருட்டுக்கட்டையாட்டம் இருக்கறான்னேன்.

அந்தக் காருக்குப் பைப்பு பண்றது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. அந்த எஞ்சின்ல புகை போற பக்கமே தான் பிளக்கும் இருக்கு. அதே பக்கம் தான் ஸ்டியரிங் கம்பியும் கீழ எறங்குது. நாலாவது சிலிண்டர் இருக்கு பாருங்க, அது டிரைவர் காலுக்கு முன்னால இருக்கற தகட்டை ஒட்டி நிக்கும். அங்க எடமே இல்ல. மூணாவது பைப்பை நாலாவதோட ஒட்டிக் கொண்டுபோனாத் தான் நீளம் சரிக்கு வரும். பதினோரு நாள் ஆச்சு. கம்பு கொட்டிக் கொட்டிப் பாத்து, கடைசில நாலும் ஒரே கோட்டுல நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்படி ஒரு பைப்பு நான் அதுக்கு முன்னாலயும் பண்ணல, பின்னாலயும் பண்ணப் போறதில்ல.

சவேரிய வரச் சொன்னேன். வந்தான். பேன்ட் பாக்கெட்டுல ரெண்டு கையையும் விட்டுட்டு நின்னான். பைப்பை ஒரு சுத்து சுத்திப் பாத்தான். கைய வெளிய எடுக்கவே இல்ல. நாலாவது பிளக் கிட்டக் குனிஞ்சு பாத்துட்டு, "உன்ற கை போகுதா?"ன்னான். போகுதேன்னு விட்டுக் காட்டுனேன். "உன்ற கை போகுதுன்னா எனக்கும் போகும். முடிச்சுரு"ன்னான்.

என்ற கையப் பாருங்க. வளையல் விக்கறவன் கை மாதிரி இருக்குதில்ல? சின்னக் கை, ஒல்லி வெரலு. இது போகாத எடம் இல்ல. இந்தக் கை போகுதுன்னா அவன் கை போகும்னு எந்தக் கணக்குல சொன்னான்? நானாவது கேட்டிருக்கோணும். டேய், கைய விட்டுப் பாருடா, அது தானே நம்ம முறைன்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. எனக்கு அந்தப் பைப்பை வெட்டறதுக்கு மனசில்ல. அவன் கைய விட்டு, இடிக்குதுன்னு கோடு போட்டுருவானோன்னு பயந்துட்டே தான் நின்னேன். அவனே வேண்டாம்ன உடனே நிம்மதியாப் போச்சு. அன்னைக்கே முழு வெல்டிங் அடிச்சுட்டேன்.

போட்டிக்குப் போனோம். காலைல பேரு குடுக்கற எடத்துல மெக்கானிக் கையெழுத்துப் போடோணும். சவேரி அட்டைய என்ற பக்கம் தள்ளி நீ போடுன்னான். எப்பவும் அவன் தானுங்க போடுவான். சரி, போறதுக்கு முன்னால நமக்கு ஒரு மரியாதை பண்றானாட்டம் இருக்குன்னு போட்டேன்.

மொத ஓட்டம் பன்னெண்டே முக்கா செகண்டு. ரெண்டாவது ஓட்டம் பன்னெண்டு புள்ளி நாலு. கூட்டம் எந்திரிச்சு நின்னுச்சு. அந்தச் சத்தம் இருக்குதே, அது என்ற பைப்பு சத்தமுங்க. துணி கிழிக்கற மாதிரி ஒரே சீரா. நான் அப்படியே மெதந்தேன். திரும்பி வர்றப்போ பாத்தா சத்தம் நொண்டுது. சவேரி காரு நிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டான், நாலாவது பிளக்குன்னு. எண்ணெய் அடிச்சு அவிஞ்சு போச்சு. அவன் காது அப்படி. இருவது நிமிஷத்துல மாத்திப்போட்டு வரிசைக்குப் போகோணும். போகலீன்னா எதிராளி தனியா ஓடி ஜெயிச்சுக்குவான். அது அரையிறுதி.

பைப்பு கொதிக்குது, துணிய ஈரம் பண்ணி கைல சுத்திட்டு சவேரி கைய விட்டான். வெளிய எடுத்தான். திரும்ப விட்டான். உள்ளாற பிளக் கழட்டற சாக்கெட்டு விழுந்து டங்குன்னு சத்தம். குனிஞ்சு எடுத்தான். திரும்ப விட்டான், திரும்ப விழுந்துச்சு. சுத்தி அம்பது பேரு நிக்கறாங்க. அஞ்சு நிமிஷம் போச்சு. ப்ரணவ் தம்பி ஹெல்மெட்டோட உள்ள உக்காந்துட்டு எங்க மூஞ்சியவே பாக்குது. சவேரி நிமிந்தான். வேர்வை கொட்டுது. "பைப்பு குறுக்க நிக்குது செங்கோடா"ன்னான்.

எல்லார்த்துக்கும் முன்னால சொன்னானுங்க. என்ற பைப்பைச் சொன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாமா"ன்னு கத்துனேன். கத்திப்போட்டு, சுடறதைக் கூடப் பாக்காம என்ற கைய உள்ள விட்டேன். நாலாவது பிளக்கை வெரலால தொட்டு, பாருங்கய்யா, போகுதா இல்லையா, நல்லாப் பாருங்கன்னு அங்க நின்ன ஒவ்வொருத்தனுக்கும் காட்டுனேன். நாலஞ்சு பேரு சிரிச்சாங்க.

காட்டுனேனே தவிர மாத்தலீங்க. என்ற கை பிளக்கு மேல இருந்துச்சு. சாக்கெட்டை வாங்கித் திருகியிருந்தா அரை நிமிஷம். ஆனா அவன் எஞ்சின்ல நான் ஸ்பேனர் வைக்கக் கூடாதில்ல. முறை. கைய வெளிய எடுத்துட்டேன்.

அவன் போயி கிரைண்டரை எடுத்துட்டு வந்தான். என்ற கிரைண்டரு. ரெண்டு கைலயும் கட்டிப்புடிச்ச மாதிரி, கக்கத்துல இடுக்கிட்டு வந்து மூணாவது பைப்பு மேல வெச்சான். நான் பாத்துட்டே நின்னேன். பதினோரு நாள் வேலைங்க. வெட்டுனதாவது நேரா வெட்டியிருக்கலாம். எஞ்சின் மூட்டுக்கு நடுவுல வெக்கற கேஸ்கெட்டைத் தாள்ல வெட்டுனா பிளேடால வெட்டுன மாதிரி வெட்டறவன், என்ற பைப்பை எலி கடிச்ச மாதிரி, பல்லு பல்லா, கோணக்கோணையா வெட்டிப்போட்டான். வேணும்னே பண்றான்னு நெனச்சேன். வெட்டி முடிக்கறதுக்குள்ள எதிராளி தனியா ஓடிட்டான். சவேரி கிரைண்டரைத் தரையில வெச்சுட்டு, யாரையும் பாக்காம நடந்து போனான். ஓசூர்ல இருந்து தனியா பஸ் ஏறிப் போயிட்டான். அடுத்த வாரம் ஷெட்டைக் காலி பண்ணிட்டான்னு கேள்விப்பட்டேன். பெங்களூர் போயிட்டான், போய்த் தொலையட்டும்னு இருந்தேன்.

போன மாசம் லூர்து போன் பண்ணுச்சு. சவேரியோட சம்சாரம். அவங்க பெங்களூருக்கே போகலயாமா. இங்க நாகல் நகர்ல அதோட அண்ணன் வீட்டு மாடில இருக்கறாங்களாமா. சவேரிக்குத் தெரியாம மொட்டை மாடிக்கு வந்து பேசுதுன்னு சொல்லுச்சு. போன தீபாவளில இருந்தே சட்டைக்குப் பொத்தான் போட்டு விடறது அது தானாமா. வெரலு மடங்குனது மடங்குனபடி நிக்குதாமா, நீட்ட வரலயாமா. வலது கை. மதுரை வரைக்கும் போயிப் பாத்துட்டாங்க. நரம்புங்கறாங்க, இனித் திரும்பாதுங்கறாங்க, இடது கையிலயும் ஆரம்பிச்சிருச்சுங்கறாங்க. "உங்களுக்கு மட்டும் சொல்லிறக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்ண்ணா"ன்னு அழுதுச்சு.

நான் சொன்னேன், அம்மிணி, டாக்டருங்களுக்கு என்ன தெரியும், அவங்க ஸ்பேனர் புடிச்சாங்களான்னேன். இருவது வருஷம் இரும்பப் புடிச்ச கை, கொஞ்சம் மக்கர் பண்ணத் தான் பண்ணும். நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தி உருவி விடு, செரியாப் போயிரும்னேன். போனை வெச்சுட்டு அன்னைக்குப் பூராம் பட்டறைலயே உக்காந்திருந்தேன். பேக்கரிக்குக் கூடப் போகல. போனா அந்த டீ கிளாஸ் கண்ணுல படுமில்ல.

அன்னைக்கு உக்காந்து யோசிச்சப்போ தான் எனக்கே வெளங்குச்சு. பைப்பு தானுங்க தப்பு. நெசமாவே சொல்றேன். மூணாவது பைப்பை அவ்வளவு ஒட்டி வெச்சிருக்கக் கூடாது. என்ற கை அளவுக்குப் பண்ணிப்போட்டு அவனைக் கைய விடுன்னா எப்படிப் போகும்? நல்லா இருக்கற கையே போகாது. நீங்களே சொல்லுங்க, தப்பு என்னுது தானே? என்னுதா இருந்தாத் தேவலீங்க. என்னுதுன்னா வெட்டி ஒட்டிப்போடலாம். அதுக்குத் தான் இது. இருவத்தேழு நாள் ஆச்சு. சவேரி காலி பண்றப்போ அதே எஞ்சினோட மேல் பாகம், பழசு ஒண்ணு, ஷெட்டுல விட்டுட்டுப் போயிருந்தான். அது மேல வெச்சுப் பண்ணுனேன். மூணாவது பைப்பை மூணு விரக்கடை தள்ளிட்டேன். கம்பு கொட்டிப் பாத்தா நாலும் ஒரே கோட்டுல நிக்கல. பரவால்ல. நிக்காட்டிப் போகுது.

காரா? காரு இல்லீங்க. ப்ரணவ் தம்பி கேரளாக்காரங்களுக்கு வித்துட்டாரு, சித்திரையிலயே. அதனால என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. புள்ளி வெச்சுத் தான் ஒட்டியிருக்கேன், முழு வெல்டிங் இன்னும் அடிக்கல. சவேரி கைய விட்டுப் பாக்கோணும். உம்ங்கோணும். அப்புறம் தானே முடிக்க முடியும்.

ஏனுங்க, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? இந்தப் போர்வைய விலக்கிக்கறேன். வலது கையக் குடுங்க. நாலு வெரலையும் மடக்குங்க. முழுசா வேண்டாம், பாதி. கட்டை வெரலு உள்ளுக்கு. ஆங், லூர்து அம்மிணி சொன்னது இப்படித் தான். அப்படியே வெச்சுட்டு இந்த ரெண்டு பைப்புக்கு நடுவுல விடுங்க. நீட்டாதீங்க, நீட்டக் கூடாது. நீட்டுனா யாரு கையும் தான் போகும். மடங்குனபடியே விடுங்க.

இடிக்குதுங்களா? எங்க, இங்கயா?

செரி விடுங்க, எடுத்துக்கோங்க. தோலு ஒண்ணும் உரியலியே? திண்டுக்கல்ல எறங்குனதும் ஆர்கான் வெல்டிங் வெச்சிருக்கற பட்டறை ஏதாச்சும் பக்கத்துல இருக்குதுங்களா? நாகல் நகர் போறதுக்கு முன்னால இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சுப்போடறேன். கூடம் தானுங்க கோணலு. அவன் நல்லாத் தான் ஆடுவான்.